சாவு வரி என்றொரு சாக்கு

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கதை தப்பாமல் கூடவே வந்துவிடும். முந்நூறு வருட ரசனையில் வளர்ந்த வீடுகள், உலகப் போரில் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள், காரியம் முடிவதற்குள் நோட்டீஸோடு வந்து நின்ற வரி அதிகாரி, அப்புறம் கடப்பாரை. 'டவுன்டன் ஆபி' தொடரை ஒரு பருவம் விடாமல் பார்த்த நம்மூர் ரசிகர்கள்கூட இதை வரலாறு என்றே நம்புகிறார்கள். பொறாமை பிடித்த சோஷலிசம் வரி போட்டே ஒரு நாகரிகத்தைக் கொன்றுவிட்டது என்பது கதையின் சாரம்.

இதற்கு அரசு முத்திரை குத்திக் கொடுத்தது 1974 அக்டோபரில் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் திறந்த ஒரு கண்காட்சி. அப்போதைய இயக்குநர் ராய் ஸ்ட்ராங், மார்க்கஸ் பின்னி, ஜான் ஹாரிஸ் ஆகிய மூவரும் அமைத்தது. நாட்டுப்புற மாளிகைகளின் அழிவு, 1875 முதல் 1975 வரை என்பது பொருள். இடிந்து சரியும் தூண்கள்போல் ஜோடித்த கூடம், அந்தத் தூண்களில் காணாமல்போன வீடுகளின் படங்கள், அவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கும் ஒரு குரல். நூறு வருடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் போயின. உச்சமான 1955இல் ஐந்து நாளைக்கு ஒன்று விழுந்தது. இந்தக் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. குற்றவாளிக் கூண்டில் யாரை ஏற்றினார்கள் என்பதில்தான் சண்டை. சொத்து வரி ஒன்றைக் கொண்டுவரப்போவதாக லேபர் கட்சி அறிவித்திருந்த வருடம் அது என்பதையும் கவனிக்க வேண்டும். துக்கம் உண்மையானது, துக்கம் விசாரிக்க அழைத்த நேரம் அரசியல்.

முதலில் தேதிகளைப் பார்ப்போம். எஸ்டேட் டூட்டி என்ற மரண வரியை நிதியமைச்சர் சர் வில்லியம் ஹார்கோர்ட் கொண்டுவந்தது 1894இல். பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் வைத்துவிட்டுச் செத்தவரின் சொத்துக்கு உச்ச விகிதம் நூற்றுக்கு எட்டு. எட்டேதான். அதே 1894இல் இங்கிலாந்தில் ஒரு குவார்ட்டர் கோதுமை 22 ஷில்லிங் 10 பென்ஸுக்கு விற்றது. 1877இல் அதன் விலை 56 ஷில்லிங் 9 பென்ஸ். மாளிகை சாப்பிட்டது குத்தகையை. குத்தகைக்காரர் அதைக் கொடுத்தது கோதுமை விற்ற காசில். அந்தக் காசு பதினேழு வருடத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது. அமெரிக்கச் சமவெளிகளுக்கு ரயில் வந்தது, நீராவிக் கப்பலில் சரக்குக் கூலி சரிந்தது, 1882இல் 'டனிடின்' என்ற கப்பல் உறையவைத்த ஆட்டிறைச்சியை நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டது. வெளிநாட்டுத் தானியத்தைத் தடுத்து நிலக்காரர்களைக் காத்த சட்டத்தை 1846இலேயே நீக்கியாகிவிட்டது. நீக்கியவர் ஹார்கோர்ட்டும் இல்லை, சோஷலிஸ்டும் இல்லை. கன்சர்வேடிவ் பிரதமர் ராபர்ட் பீல். தானியம் விளையும் கிழக்கு மாவட்டங்களில் குத்தகை அடிமட்டத்துக்கு விழுந்தது, சில பண்ணைகளை ஏற்று நடத்த ஆளே கிடைக்கவில்லை. வரி அதிகாரி வாசலுக்கு வந்தபோது வீட்டில் அடுப்பு ஏற்கெனவே அணைந்துகொண்டிருந்தது.

மால்பரோ டியூக்குகளின் பிளென்ஹைம் மாளிகை இதற்குச் சரியான சாட்சி. பிரபுக் குடும்பங்களில் சொத்தைப் பெரும்பாலும் ஆயுள் பாத்தியதையாகத்தான் எழுதிவைப்பார்கள். வருமானத்தை அனுபவிக்கலாம், பராதீனம் செய்ய முடியாது. மால்பரோக்கள் 1880இல் தங்களுக்கென்றே ஒரு தனிச் சட்டம் வாங்கி அந்தக் கட்டை அவிழ்த்தார்கள். பெயர்பெற்ற நூலகம் ஏலத்துக்குப் போனது. ரஃபேல் வரைந்த பலிபீட ஓவியத்தை 1885இல் நேஷனல் கேலரி 70,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. 1895இல் ஒன்பதாம் டியூக் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் வீட்டுப் பெண்ணைக் கட்டினார். சீராக வந்தது 25 லட்சம் டாலர் ரயில்வே பங்கு. அவர் பட்டத்துக்கு வந்தது 1892இல். அதாவது புது மரண வரி அந்த வாசற்படியை மிதித்திருக்கவே இல்லை.

இன்னும் பின்னால் போனால் கதை இன்னும் மோசம். பக்கிங்ஹாம்ஷயரின் ஸ்டோ மாளிகையைத் தோட்டக் கலையின் உச்சம் என்பார்கள். அதன் சொந்தக்காரரான இரண்டாம் பக்கிங்ஹாம் டியூக் கடன் வாங்கியே நிலம் வாங்கினார், 1845இல் விக்டோரியா ராணிக்குக் கடனிலேயே விருந்தும் வைத்தார். பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் ஏறிக் கிடந்தது. 1848இல் மாளிகைச் சாமான்களை நாற்பது நாள் ஏலம் விட்டார்கள். வந்தது சுமார் 75,000 பவுண்டு, கடனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மரண வரி பிறக்க இன்னும் 46 வருடம் இருந்தது. அப்பாவின் கடனை அடைக்க மகன் ரயில்வே கம்பெனித் தலைவராக வேலைக்குப் போனார், பிறகு 1875இல் சென்னை மாகாண கவர்னராகக் கப்பல் ஏறினார். தாது வருடப் பஞ்சத்தின்போது கோட்டையில் இருந்தவர் இவர்தான். பஞ்ச நிவாரண வேலையாகக் கூலிகளை வைத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய கால்வாய்க்கு அவர் பெயரே வந்தது. சென்னைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் பக்கிங்ஹாம் கால்வாயின் பெயர், ஊதாரித்தனத்தால் நொடித்துப்போன ஓர் ஆங்கில மாளிகைக் குடும்பத்திலிருந்து வந்தது.

ஸ்டோ தனிக் கதை இல்லை. படைச் சம்பளப் பட்டுவாடாவில் பணம் பண்ணிய சாண்டோஸ் டியூக் கட்டிய கேனன்ஸ் மாளிகையில் இசைமேதை ஹேண்டல் வேலை பார்த்தார். 1747இல், கட்டி முப்பது வருடம் ஆவதற்குள், வாரிசு அதைக் கல்லும் மரமுமாக விற்றுவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டின் பணத்தில் எழுந்த வான்ஸ்டெட் மாளிகையை, அந்தக் குடும்பத்து வாரிசுப் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை தின்று தீர்த்தார். 1822இல் 32 நாள் ஏலம், அடுத்துக் கட்டடத்தையே பொருள் விலைக்கு 10,000 பவுண்டு. மாளிகை எழுவதும் விழுவதும் அந்த வர்க்கத்தின் பழைய பழக்கம். இருபதாம் நூற்றாண்டில் விழுந்தவை மட்டும் படுகொலை ஆகிவிட்டன.

இங்கே எதிர்த்தரப்பின் பலமான வாதத்தைப் பார்த்துவிட வேண்டும். எட்டு சதவீதம் எட்டாகவே நிற்கவில்லை. 1919இல் உச்ச விகிதம் 40, 1930இல் 50, 1949இல் 80. நூற்றுக்கு எண்பது எடுத்தால் எந்த வீடு நிற்கும்?

நின்றது. பத்தாம் டெவன்ஷயர் டியூக் 1946இல் சொத்தை டிரஸ்ட் ஒன்றுக்கு மாற்றினார். ஐந்து வருடம் உயிரோடு இருந்திருந்தால் வரி கிடையாது. பதினாலு வாரம் பாக்கி இருக்கும்போது, 1950 நவம்பரில், 55 வயதில் இறந்தார். முழு எண்பது சதவீதமும் விழுந்தது. மரண வரியால் இதைவிடப் பலமான அடி வாங்கிய குடும்பத்தை உதாரணம் காட்டுவது கடினம். நிலத்தை விற்றார்கள், ஓவியங்களைக் கொடுத்தார்கள், ஹார்ட்விக் ஹால் என்ற இன்னொரு மாளிகையை அரசிடம் ஒப்படைத்தார்கள். கடனை முடிக்க 1967 ஆனது. அவர்களுடைய சாட்ஸ்வொர்த் மாளிகை இன்றைக்கும் இருக்கிறது, உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஒப்படைத்த ஹார்ட்விக்கும் இருக்கிறது.

இதன் பக்கத்தில் செஷயரின் ஈட்டன் ஹாலை வையுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்குகளுக்கு லண்டனில் மேஃபேரும் பெல்கிரேவியாவும் சொந்தம். 1953இல் இரண்டாம் டியூக் இறந்தபோது பெரும் வரி கட்டினார்கள், பிம்லிகோ பகுதியை விற்றார்கள். மேஃபேரும் பெல்கிரேவியாவும் கையைவிட்டுப் போகவில்லை. இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களாகவே இருந்தார்கள். அப்படி இருந்தும் ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் கட்டிய அந்தப் பிரம்மாண்டத்தை 1960களின் தொடக்கத்தில் இடித்தார்கள். பத்து வருடம் கழித்து அதே இடத்தில் நவீன பாணியில் புது வீடு கட்டிக்கொண்டார்கள். எண்பது சதவீதம் கட்டித் தள்ளாடிய குடும்பத்தின் வீடு நிற்கிறது. கட்டிய பிறகும் கோடீஸ்வரர்களாக இருந்த குடும்பத்தின் வீடு இல்லை. வரிதான் இடித்தது என்றால் இது எப்படி நடந்தது? யானையைக் கட்டித் தீனி போட அவர்களுக்கு மனமில்லை, அவ்வளவுதான். மனமில்லாததைத் தப்பு என்றுகூட நான் சொல்லவில்லை. அதை அரசாங்கத்தின் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன்.

எண்பது என்ற எண்ணைச் சொல்பவர்கள் தள்ளுபடிகளைச் சொல்வதில்லை. விவசாய நிலத்துக்கு 1925 முதலே சலுகை உண்டு; எண்பது வந்த அதே 1949இல் அந்தத் தள்ளுபடி 45 சதவீதமானது. போரில் செத்தவர்களின் சொத்துக்கு வரிக் குறைப்பு தரும் சட்டம் 1914இலேயே வந்துவிட்டது. மூத்த பிள்ளையைப் பறிகொடுத்த கதையில் இது ஏனோ வருவதில்லை. உயிரோடிருக்கும்போதே மாற்றி எழுதிவிட்டால் வரியே இல்லை. நல்ல வக்கீலும் கொஞ்சம் ஆயுளும் இருந்தவர்கள் தப்பித்தார்கள். வரி சுமையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வீட்டுக்குச் சோறு போட்ட நிலத்தை அது விற்கவைத்தது, அடுத்தடுத்து இரண்டு சாவு விழுந்த குடும்பங்களை நசுக்கியது. நொண்டிக்கொண்டிருந்தவர்களைக் கீழே தள்ளியது. நொண்டியாக்கியது அது இல்லை.

வரி சம்பந்தமே படாமல் போன வீடுகளும் உண்டு. ஸ்டாஃபர்ட்ஷயரின் டிரெந்தம் ஹாலை 1912 வாக்கில் இடித்தார்கள். சொந்தக்காரரான சதர்லாந்து டியூக்குக்கு வேறு மாளிகைகளும் ஏராளமான நிலமும் இருந்தன. மேலே இருந்த பீங்கான் தொழில் ஊர்களின் சாக்கடையெல்லாம் டிரெந்த் ஆற்றில் கலந்து மாளிகையின் ஏரிக்கு வந்தது. நாற்றம் தாங்கவில்லை. உள்ளூராட்சிக்குச் சும்மா கொடுக்கிறேன் என்றார். அவர்களும் வேண்டாம் என்றார்கள். நாலு வீடு இருந்தவர் ஒன்றைக் கழித்துக் கட்டினார். இழந்த வீடுகளின் பட்டியலில் கணிசமானவை இந்த ரகம்தான்: குடும்பம் நொடித்ததால் அல்ல, குடும்பத்துக்கு வீடு மிஞ்சிப்போனதால் இடிந்தவை.

கண்காட்சிக் கூடத்தில் யார் பெயரையும் வாசிக்காத இன்னொரு கூட்டம் இருக்கிறது. 1911 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலைக்காரிகள். விடிவதற்கு முன் எழுந்து கணப்புச் சாம்பல் அள்ளி, கரி சுமந்து, மூன்று மாடி ஏறி வெந்நீர் கொண்டுபோனவர்கள். முதல் போரில் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும், பிறகு கடைக்கும் ஆபீசுக்கும் போய்ப் பார்த்தார்கள். சாயங்காலம் தனக்கென்று நேரம் கிடைத்தது, தன் கையில் கூலி வந்தது. இரண்டாம் போர் முடிந்தபோது அந்த வேலைக்குத் திரும்ப ஆளில்லை. மலிவான வேலைக்காரிகளை நம்பிக் கட்டிய கட்டடம் அது. சமையற்கட்டுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே அத்தனை நீள நடைவழி வைத்தவர்கள் தட்டைத் தாங்களே தூக்கிப்போகிற நாளைக் கற்பனை செய்திருக்கவில்லை. என் கணக்கில் மாளிகையை முடித்தது ஹார்கோர்ட் அல்ல, திரும்பி வராத பணிப்பெண். அவளைத் திட்ட முடியாது என்பதால்தான் வரியைத் திட்டுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சோஷலிசக் குற்றச்சாட்டுக்கு வருவோம். இதற்கு நிஜமான சாட்சி ஒன்று இருக்கிறது, ஒளிக்க வேண்டியதில்லை. 1946இல் லேபர் எரிபொருள் அமைச்சர் மேனி ஷின்வெல், யார்க்‌ஷயரின் வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் மாளிகையின் தோட்டத்தைத் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கமாக்கி வீட்டுப் பின்வாசல்வரை தோண்டவைத்தார். அதில் வன்மம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் உள்ளூர்ச் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் உண்டு. வீடு விழவும் இல்லை. 2017இல் ஓர் அறக்கட்டளை வாங்கிப் பழுதுபார்த்து வருகிறது.

மறுபக்கத்தைப் பாருங்கள். அதே 1946இல் லேபர் நிதியமைச்சர் ஹியூ டால்டன் ஐந்து கோடி பவுண்டில் தேசிய நில நிதி ஒன்றை ஏற்படுத்தினார். வரிக்குப் பதிலாக வீட்டையே கொடுத்துவிடலாம், அரசு வாங்கி, பழைய வீடுகளைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைக்கும். 1947இல் கார்ன்வாலின் கோட்டீல் மாளிகை அப்படிப் பிழைத்தது. மாளிகைகளைக் காப்பது எப்படி என்று ஆராய கவர்ஸ் குழுவை நியமித்ததும் லேபர் அரசுதான். 1957இல் அந்த நில நிதியிலிருந்து ஐந்து கோடியைத் திரும்ப எடுத்துக்கொண்டது கன்சர்வேடிவ் அரசு. ஐந்து நாளைக்கு ஒரு வீடு விழுந்த 1955இல் ஆண்டதும் சர்ச்சிலும் ஈடனும். போர்க்காலக் கட்டட லைசன்ஸ் முறையை முந்தைய வருடம் எடுத்துவிட்டதால் இடித்த கல்லுக்கும் ஈயத்துக்கும் கிராக்கி. ஒப்பந்தக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். பட்டியலிட்ட கட்டடத்தைக்கூட முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு இடிக்கலாம் என்பதே அன்றைய நிலை. அனுமதி வாங்காமல் இடிக்கக் கூடாது என்ற சட்டம் 1968இல் வந்தது. கொண்டுவந்தது ஹெரால்ட் வில்சனின் லேபர் அரசு. கட்சிக்கு வக்காலத்து வாங்குவது என் வேலை இல்லை. ஆனால் கொலைகாரன் என்று கைகாட்டப்பட்டவன்தான் கத்தியைப் பிடுங்கியிருக்கிறான் என்பதையாவது சொல்ல வேண்டாமா?

இவர்கள் கதையில் அரசாங்கம் எடுத்துக்கொள்ள மட்டுமே வருகிறது. கொடுத்ததை யார் எழுதுவது? எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களை மூடிப் பறித்த நிலத்தில்தான் வோபர்ன், லாங்லீட், வில்டன் மாளிகைகள் எல்லாம் முளைத்தன. ஃபவுண்டன்ஸ் ஹாலை மடத்துக் கல்லைப் பெயர்த்தே கட்டினார்கள். ஊரார் பொதுவாக மேய்த்த, உழுத நிலத்தை வேலி போட்டுத் தனியாருக்கு ஆக்க பார்லிமெண்ட் 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டது. இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு அப்படிக் கைமாறியது. அடிமை முறையை ஒழித்தபோது அரசு நஷ்டஈடு கொடுத்தது அடிமைகளுக்கு அல்ல, எஜமானர்களுக்கு. ஹேர்வுட் மாளிகைப் பிரபு 1,277 பேருக்காக 26,000 பவுண்டுக்கு மேல் வாங்கினார். இடிப்பதும் அந்த வர்க்கத்துக்குப் புதிது அல்ல. காசில் ஹோவர்ட் மாளிகை எழ ஹெண்டர்ஸ்கெல்ஃப் கிராமம் போனது. டார்செட்டில் ஜோசப் டேமர் என்ற பிரபு, ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்துகிறது என்று ஒரு சந்தை ஊரையே அகற்றினார். விற்க மறுத்த வக்கீலின் வீட்டுக்குள் குளத்து மதகைத் திறந்துவிட்டார் என்றும், வக்கீல் வழக்குப் போட்டு ஜெயித்தார் என்றும் அங்கே இன்னும் சொல்கிறார்கள்.

தஞ்சாவூர் நெல்லும் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஹெர்ட்ஃபர்ட்ஷயரின் உட்ஹால் பார்க்கைக் கட்டியவர் சர் தாமஸ் ரம்போல்ட், 1778 முதல் 1780 வரை சென்னை கவர்னர். பிறகு அதை வாங்கியவர் பால் பென்ஃபீல்டு. கம்பெனியில் சின்ன உத்தியோகம், ஆனால் ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கே வட்டிக்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்த ஆள். கம்பெனிப் படையின் துணையோடு நவாப் 1773இல் தஞ்சாவூரைப் பிடித்தார், பிடித்த சீமையின் வருமானத்தைக் கடன்காரர்களுக்கு எழுதிக்கொடுத்தார். 1776இல் கவர்னர் பிகட் தஞ்சாவூரை ராஜா துளஜாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வயலில் நிற்கும் விளைச்சல் உட்பட எனக்கு 2,34,000 பவுண்டு பாத்தியதை என்று பென்ஃபீல்டு குறுக்கே விழுந்தார். தகராறு முற்றி கவுன்சில் உறுப்பினர்களே கவர்னரைக் கைது செய்தார்கள். பிகட் காவலிலேயே இறந்துபோனார். (பிகட்டும் உத்தமர் அல்ல. சென்னையில் சேர்த்த பணத்தில்தான் பாட்ஷல் ஹால் மாளிகையை வாங்கியிருந்தார்.) எட்மண்ட் பர்க் 1785இல் பார்லிமெண்டில் இந்தக் கடன்களை நார் நாராகக் கிழித்தார்; ஆனாலும் கடன்காரர்களுக்கு ஆற்காட்டு வருமானத்திலிருந்து பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. பென்ஃபீல்டு பின்னால் திவாலாகி 1810இல் பாரிஸில் ஏழையாகச் செத்தார். மாளிகை ஒரு பேங்கருக்குப் போனது, இப்போது பள்ளிக்கூடம். வரி இதில் எங்கேயும் இல்லை.

மாளிகை இழந்த நிலம் ஆவியாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழுபவரே உடைமையாளராக இருந்த விவசாய நிலம் 1914இல் நூற்றுக்கு 11. 1927இல் 36. வாங்கியவர்களில் பெரும்பாலோர் தலைமுறையாகக் குத்தகை கொடுத்துவந்த அதே குடியானவர்கள். அதற்கும் கண்காட்சி வைக்கலாம், யாரும் வைக்கவில்லை.

'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்' நாவலில் மாளிகைக்கு ஒப்பாரி வைத்த ஈவ்லின் வா, பாடை காலியாக இருந்தது என்பதை 1959இல் எழுதிய புது முன்னுரையில் தானே ஒப்புக்கொண்டார். அவருக்கு இருந்த நேர்மை அவருடைய வாசகர்களுக்கு இல்லை. நேஷனல் டிரஸ்ட் 2020இல் தன் வசமுள்ள 93 இடங்களுக்கு அடிமை வியாபாரத்தோடும் காலனி ஆட்சியோடும் உள்ள தொடர்பை அறிக்கையாக வெளியிட்டபோது, வீட்டுக்குள் அரசியலைக் கொண்டுவராதே என்று கூச்சல் போட்டவர்கள் இருக்கிறார்கள். வரியைப் பற்றி நூறு வருடமாகப் பேசிவந்ததெல்லாம் அரசியல் இல்லையாம்.

1974இல் பயமுறுத்திய சொத்து வரி வரவே இல்லை. மறு வருடம் எஸ்டேட் டூட்டியையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் வந்த வரிகளில் இப்படிப்பட்ட வீடுகளுக்கு விலக்கு உண்டு. மாளிகையையும் அதன் ஓவியங்களையும் பராமரித்து ஊராருக்குத் திறந்துவைத்தால், வாரிசு கட்ட வேண்டிய வரியை அரசு நிறுத்திவைக்கும். வராத அந்தப் பணத்தை மற்றவர்கள் கட்டுகிறார்கள், கரி சுமந்த பெண்களின் பேத்திகள் உட்பட. நிபந்தனைப்படி வருடத்தில் குறிப்பிட்ட நாட்கள் அவர்களும் உள்ளே போகலாம், டிக்கெட் எடுத்துக்கொண்டு.